தேதி இல்லாத சிவப்பு முத்திரை

அத்தியாயம் பதினொன்று

படிக்கட்டில் விழுந்த அம்மாள் பிழைத்துக்கொண்டாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்களுக்கு மேற்கொண்டு படிக்க மனம் ஓடாது.

பிழைத்தாளே தவிர, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அசைக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் எச்சரித்து, கட்டிலோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு இருப்பதோ பள்ளத் தெருவின் கடைக்கோடியில். பெரிய சாலையிலிருந்து அந்தத் தெருவுக்கு இறங்க ஒரு நீளமான கல் படிக்கட்டு. வண்டி வாகனம் போக வேண்டுமென்றால் மறுபக்கம் ஏரிக்கரை வழியாகச் சுற்றித்தான் வரவேண்டும். மழைக்காலத்தில் அந்தத் தெருக்காரர்களுக்குத் தூக்கம் பாதிதான்.

அன்று அவளை அப்படி ஓட வைத்தது ஒரு குரல். மைக்கையாவின் குரல். பஸ் நிலையத்து மைக்கில் வண்டி வருவதையும் போவதையும் அறிவித்தே தலை நரைத்த மனிதர். ஓய்வு பெற்ற பின் மைக் போய்ச் செல்போன் வந்தது. பள்ளத் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் அவர் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டால், அடுப்பில் பால் பொங்கினாலும் கேட்டு முடித்துவிட்டுத்தான் இறக்குவார்கள். அப்படிப்பட்டவர் எவனோ ஒரு சிநேகிதன் சொன்னதை நம்பி, "ஏரிக்கரை உடையுது, ஓடுங்க" என்று பேசி அனுப்பிவிட்டார். தெரு ஓடியது. கரை உடையவில்லை. உடைந்தது அவருடைய சொந்தச் சம்பந்தியம்மாளின் இடுப்பு.

அந்த அம்மாளின் மருமகளான அவருடைய மகள் தையல்காரி. வாய் திறந்தால் ஊசிமுனை. "இனிமே உங்க குரலே என் காதுல விழக்கூடாதுப்பா" என்று சொல்லிவிட்டாள்.

போதாக்குறைக்கு, நகராட்சியின் ஃபேஸ்புக் பக்கத்தில் அவர் சொன்ன செய்தியை எழுதி, குறுக்கே 'பொய்' என்று சிவப்பு முத்திரை குத்தி ஊருக்கே காட்டியது யார்? தகவல் அறையில் வேலை பார்க்கும் அவருடைய மருமகள். 'ஓய்வு பெற்ற பஸ் நிலைய அறிவிப்பாளர் பரப்பிய வதந்தி' என்று கீழே ஒரு வரியும் சேர்த்திருந்தாள். அன்று போனை அணைத்துப் பீரோவுக்குள் வைத்தவர்தான். மருமகள் பரிமாறினால் சாப்பிடுவார். கேட்டால் தலையை ஆட்டுவார். பேச்சு மட்டும் இல்லை.

இது நடந்து சரியாக ஒரு வாரம். வெள்ளிக்கிழமை காலை. மழை விடவில்லை.

*

தகவல் அறை நகராட்சிக் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. கூரை ஒழுகும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. இரண்டு கம்ப்யூட்டர். மூலையில் தொலைபேசி மேசை. அங்கே உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் 'ஹலோ அக்கா' என்பார்கள். வீட்டில் புருஷன் கூப்பிட்டால்கூட அவள் "ஹலோ" என்றுதான் திரும்புவாளாம்.

மருமகளுக்குக் கரைப் பொறியாளரிடமிருந்து அழைப்பு வந்தபோது டீ இன்னும் ஆறவில்லை.

"அம்மா, மதகுக்குப் பக்கத்துல கரை கசியுது. மண்ணும் சேர்ந்து வருது. மூட்டை அடுக்கிட்டிருக்கோம், ஆனா நிக்காது போலிருக்கு. பள்ளத் தெருவைக் காலி பண்ணச் சொல்லுங்க."

"எவ்வளவு நேரம் சார் தாங்கும்?"

"நான் என்ன ஜோசியரா? இப்பவே சொல்லுங்க."

அவள் கை தானாக ஓடியது. அந்த அறையில் ஒரு முறை உண்டு. அறிவுரை என்றால் நீலம், எச்சரிக்கை என்றால் மஞ்சள், வதந்தி மறுப்பு என்றால் சிவப்பு முத்திரை. எந்த நிறமானாலும் படத்தின் அடியில் ஒரு கறுப்புப் பட்டை. அதில் தேதி, கிழமை, வேளை. மஞ்சளை எடுத்தாள். 'ஏரிக்கரை உடையும் அபாயம். பள்ளத் தெரு மக்கள் உடனே வெளியேறவும்.' பட்டையை நிரப்பினாள். போட்டாள்.

போட்டுவிட்டு ஒரு வாய் டீ குடிப்பதற்குள் முதல் கமென்ட் வந்தது. வார்த்தை எதுவும் இல்லை. ஒரு படம் மட்டும்.

'ஏரிக்கரை உடைகிறது. பள்ளத் தெருக்காரர்கள் உடனே வெளியேறுங்கள்.' அதன் குறுக்கே, பெரிதாக, சிவப்பாக: பொய்.

அவளுடைய முத்திரை.

அடுத்த கமென்டிலும் அதே படம். அதற்கடுத்ததிலும். 'இதைத்தான் இவங்களே பொய்னு சொன்னாங்களே?' 'மறுபடி ஆரம்பிச்சுட்டாரா மைக்கு?' 'சிரிப்பு காட்டாதீங்கப்பா, படி ஏறி எங்களுக்கு முட்டி போச்சு.'

படத்தின் அடியைப் பார்த்தாள். கறுப்புப் பட்டை இல்லை.

 ஞாபகம் வந்துவிட்டது. அன்று கோபம். மாமனார் என்றும் பார்க்காமல் ஊரைக் கலைத்த மனிதர் மேல் அப்படி ஒரு கோபம். முத்திரை பெரிதாக விழ வேண்டும், எட்டு வீடு தள்ளி நின்றாலும் தெரிய வேண்டும் என்று இழுத்து இழுத்துப் பெரிதாக்கினாள். இடம் போதவில்லை. பட்டையைத் தூக்கிவிட்டாள். அவளைத் தவிர வேறு யாரும் அந்த அறையில் அந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டார்கள். வேறு யாருக்கும் அவர் மாமனார் இல்லையே.

"ஏய்," என்றாள் ஹலோ அக்கா, ஒரு காதில் போனோடு. "லைன்ல வர்றவங்க எல்லாம் ஒரே கேள்வி. 'உடையுதா, உடையலையா, முடிவாச் சொல்லுங்க'ங்கறாங்க. நான் என்ன சொல்ல?"

"உடையும்னு சொல்லுங்க அக்கா."

"சொன்னேன். 'அப்ப இந்தச் சிவப்பு யாரு போட்டது, உங்க மாமியாரா?'ன்னு கேக்கறான்."

*

தகவல் அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். நல்ல மனிதர்தான். குரல் உயர்த்தமாட்டார். ஆனால் நகராட்சியின் பெயர் என்று வந்துவிட்டால் அவருக்கு வேறெதுவும் கண்ணில் படாது.

"சார், நாமே சொல்லிடலாம். 'இந்தச் சிவப்பு முத்திரை போன வாரத்துச் செய்திக்கு. இன்னைக்கு எச்சரிக்கை உண்மை'ன்னு."

"அப்போ தேதி போடாம விட்டோம்னு நாமே ஒத்துக்கற மாதிரி ஆயிடாதா?"

"விட்டேன் சார். ஒத்துக்கலாமே."

"விட்டது நீங்க. கெடறது நம்ம பக்கத்தோட பேரு. நாளைக்கு எதைப் போட்டாலும் இதைச் சொல்லிக் காட்டுவான்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பழசை அழிச்சிடுங்க. இல்லாத ஒண்ணை எவன் ஷேர் பண்ணுவான்?"

"எல்லார் போன்லயும் படமா இருக்கு சார். நாம அழிச்சா நம்மகிட்ட மட்டும்தான் இருக்காது."

"அழிங்கன்னு சொன்னேன்மா."

அழித்தாள்.

மேலதிகாரி சொன்னதற்காக மட்டும் அழித்தாள் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. அந்தச் சிவப்பு தன் கண்ணெதிரே இல்லாமல் போனால் தேவலை என்று அவள் மனதின் ஒரு மூலையும் ஆசைப்பட்டது. பாவம், பின்னால் அதை நினைத்து நினைத்து மாய்ந்து போனாள்.

ஏனென்றால் அழித்த கையோடு புதிதாக ஒன்று கிளம்பியது. 'முத்திரையைக் காணோம்! நகராட்சிப் பக்கத்தை யாரோ திருட்டுத்தனமா பிடிச்சிட்டாங்க. இன்னைக்கு அதுல வர்ற எதையும் நம்பாதீங்க. எல்லாருக்கும் அனுப்புங்க.'

எல்லாரும் எல்லாருக்கும் அனுப்பினார்கள்.

"இப்ப கேள்வி மாறிடுச்சு," என்றாள் ஹலோ அக்கா. சிரிக்கவில்லை. "'நீங்க நிஜமாவே நகராட்சிதானா?'ங்கறாங்க. ஒருத்திகிட்ட, 'இல்லம்மா, நகராட்சியோட ஆவி'ன்னுட்டேன். என்ன பண்ணச் சொல்றே, வாய் வந்துடுது."

ஒலிபெருக்கி வண்டி எங்கே என்று கேட்டார் அதிகாரி. ஊரின் மறுபக்கம், தண்ணீரில் நின்றுவிட்டது என்று பதில் வந்தது. மீட்புக்காரர்களும் அந்தப் பக்கம்தான்.

மருமகள் ஜன்னல் ஓரம் போய் நாத்தனாரை, அந்தத் தையல்காரியை, அழைத்தாள்.

"சொல்லுங்க அண்ணி." பின்னால் தெருவின் சத்தம். யாரோ சிரிக்கிறார்கள்.

"கிளம்பு. அத்தையைக் கூட்டிட்டு இப்பவே மேல வா."

"நிஜமா அண்ணி?"

"நிஜம். என் குழந்தை மேல ஆணை."

நாத்தனார் தெருவை விட்டு வாசலுக்குள் ஒதுங்குவது கேட்டது. பிறகு நாத்தனாரின் குரல் தாழ்ந்தது. "நான் நம்பறேன். நான் நம்பி என்ன பிரயோஜனம்? அத்தையைக் கட்டிலோட படியில ஏத்தணும்னா நாலு ஆள் வேணும். இவர் லாரியோட எங்கேயோ மாட்டிட்டிருக்கார். தெருவுல ஒருத்தர் விடாம கேட்டுட்டேன். எல்லாரும் உங்க சிவப்பைத்தான் காட்டறாங்க. பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணன், 'உங்கப்பா ஒரு தடவை ஓட விட்டார், இப்ப உங்க அண்ணியா? குடும்பமே இதே வேலையா இருக்கீங்களே'ன்னு கேக்கறார்."

"நான் மாமாவைப் பேசச் சொல்றேன்."

"அப்பாவையா?" நாத்தனார் மூச்சை இழுத்தாள். "அவர் பேச்சை எடுக்காதீங்க. அவர் வாயால வந்ததுதான் இத்தனையும்."

உள்ளே கட்டிலிலிருந்து அந்த அம்மாள் ஏதோ முனகியது கேட்டது. "வரேன் அத்தை" என்று சொல்லிக்கொண்டே நாத்தனார் போனை வைத்துவிட்டாள்.

உடனே மருமகளுக்கு அவள் கணவனிடமிருந்து அழைப்பு. மின்வாரியத்தில் லைன்மேன், முந்தின நாள் போனவன் வீடு திரும்பவில்லை. "இங்க பாரு, பள்ளத் தெருப் பக்கம் கரன்ட் நிறுத்தறோம். தண்ணியில கம்பி கிடக்கு, வேற வழியில்ல. அங்க இருக்கற செல் டவர் பேட்டரியில கொஞ்ச நேரம்தான் ஓடும். தங்கச்சிகிட்டப் பேசணும்னா இப்பவே பேசிக்கோ."

அவள் பவர் பேங்கை எடுத்துப் பையில் போட்டாள்.

"எங்கம்மா?" என்றார் அதிகாரி.

"வீட்டுக்கு சார்."

"இந்த நேரத்துலயா?"

"இந்த நேரத்துலதான்."

*

வீடு அதே மேட்டில், இரண்டு தெரு தள்ளி. நனைந்த செருப்போடு உள்ளே போனாள். மாமனார் ஜன்னலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரத்தில் மனிதர் பாதியாகத் தெரிந்தார்.

"மாமா, கரை கசியுது. பள்ளத் தெருவுல யாரும் நகரமாட்டேங்கறாங்க. நீங்க பேசணும்."

அவர் திரும்பிப் பார்த்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை: "நானா?"

"நீங்கதான்."

"பொய்னு முத்திரை குத்தின வாயிம்மா இது. நீதானே குத்தினே?"

"குத்தினேன். நீங்க சொன்னது பொய்தானே மாமா?"

"இல்லேன்னு சொன்னேனா?" அவர் கையை மடியில் வைத்துப் பிசைந்தார். "கோவத்துல பேசாம இருக்கேன்னு நினைச்சியா? பயம்மா. வாயைத் திறந்தா திரும்ப எவ இடுப்பாவது உடையுமோன்னு பயம்."

அவள் எதிரில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நீ கண்ணால பார்த்தியா, கரை கசியறதை?" என்று கேட்டார்.

"இல்ல. பொறியாளர் பார்த்தார்."

"எனக்கும் ஒருத்தன் பார்த்தேன்னுதான் சொன்னான்."

 எத்தனை நிறம், எத்தனை பட்டை, எத்தனை விதி இருந்தும், கடைசியில் அவளும் யாரோ சொன்னதைத்தான் ஊருக்குச் சொல்கிறாள். அவர் கேட்டதில் குத்தல் இல்லை. அதுதான் அவளை இன்னும் சுட்டது.

போனை எடுத்துப் பொறியாளரை வீடியோவில் அழைத்தாள். நீண்ட நேரம் மணி அடித்தது. மழைக்கோட்டுத் தொப்பி, சேறு, கத்தும் ஆட்கள்.

"சார், என் மாமனார்கிட்டக் காட்டுங்க."

"வேலை நேரத்துல மாமனாருக்கெல்லாம்..."

"மைக்கையா சார். பஸ் ஸ்டாண்டு மைக்கையா."

அந்த மனிதர் ஒரு நொடி தயங்கினார். பிறகு போனைக் கரையின் பக்கம் திருப்பினார். மூட்டைகளுக்கு நடுவே பழுப்புத் தண்ணீர் கை தடிமனில் பீச்சிக்கொண்டிருந்தது. படம் நின்று நின்று வந்தது. சத்தம் மட்டும் தெளிவாக வந்தது. மைக்கையா கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார். வாழ்நாளெல்லாம் இரைச்சலுக்கு நடுவே எது வண்டி, எது கூட்டம் என்று பிரித்துக் கேட்டவர்.

"போதும்," என்றார். எழுந்தார். "பீரோவுல என் போன் இருக்கு, எடு."

எடுத்தாள். உயிர் இல்லை. ஒரு வாரம் கிடந்ததில் பேட்டரி சுத்தமாக வடிந்திருந்தது. பவர் பேங்கைச் சொருகி அவருடைய சட்டைப் பையில் வைத்தாள். "இது எழுந்திரிக்க நேரமாகும். என் போன்லயே பேசுங்க."

"குரலா, படமா?"

"படம். நீங்களும் நானும் சேர்ந்து நிக்கணும் மாமா. முத்திரை குத்தினவளும், குத்து வாங்கினவரும். ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு சொன்னாத்தான் நம்புவாங்க."

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். அவள் கையை நீட்டி இருவர் முகமும் தெரியும்படி போனைப் பிடித்தாள்.

"பள்ளத் தெரு மக்கள் கவனத்துக்கு," என்று ஆரம்பித்தார். அடடா, அந்தக் குரல்! பஸ் நிலையத்தின் அத்தனை காலைகளும் அதில் இருந்தன. "இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நண்பகல் இப்பத்தான் தாண்டுது. பேசறது மைக்கையா. போன வெள்ளிக்கிழமை நான் சொன்னது பொய். அதுக்கு முத்திரை குத்தினது என் மருமக. குத்தினது சரி. அந்தப் படம் அன்னைக்கு உள்ளது, இன்னைக்கு உள்ளது இல்ல. இன்னைக்குக் கரை நிஜமாவே கசியுது. பார்த்துட்டுத்தான் சொல்றேன். நடந்து வாங்க, ஓடாதீங்க. படியில இடது பக்கத்தைப் பெரியவங்களுக்கு விடுங்க. தெருக் கோடியில என் சம்பந்தியம்மா கட்டில்ல இருக்காங்க. நாலு பேர் போய்த் தூக்கிட்டு வாங்க, சாமி. என் மேல கோவம் இருந்தா மேல வந்து திட்டுங்க. நான் படிக்கட்டு வாசல்லதான் நிப்பேன்."

அவள் சொன்னது ஒரே வரி. "அந்தப் படத்துல தேதி போடாதது என் தப்பு. பக்கத்தை யாரும் பிடிக்கல. நான்தான் அழிச்சேன்."

தன் பெயரில் உள்ள பக்கத்தில் போட்டாள். பள்ளத் தெருக் குரூப்பில் போட்டாள். நாத்தனாருக்குத் தனியாக அனுப்பினாள். அங்கே ஒற்றை டிக். அழைத்துப் பார்த்தாள். 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றது.

அதிகாரியிடமிருந்து அழைப்பு வந்தது. "யாரைக் கேட்டு இதைப் போட்டீங்க?"

"யாரையும் கேக்கல சார்."

"நகராட்சி ஊழியர் நீங்க. உங்க மேல..."

"எடுங்க சார் நடவடிக்கை. படிக்கட்டு வாசல்ல இருப்பேன், அங்க அனுப்புங்க."

வைத்துவிட்டாள். மாமனார் குடையை எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதை மூலையிலேயே சாத்திவிட்டு மழையில் இறங்கினார்.

*

அவர்கள் படிக்கட்டு வாசலை அடைந்தபோது தெரு நகர ஆரம்பித்திருந்தது.

முதலில் பள்ளிப் பைகளோடு ஒரு தாய். பின்னால் பாத்திரக்கடைக்காரர், தலையில் ஒரு பெட்டி. பிறகு கும்பல் கும்பலாக. டவர் போவதற்கு முன் எத்தனை போனில் வந்து சேர்ந்ததோ, அத்தனை போனிலிருந்தும் அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்றில் 'கவனத்துக்கு' என்கிறது, இன்னொன்றில் 'இடது பக்கத்தை' என்கிறது. கேட்காதவர் வீட்டுக்குக் கேட்டவர்கள் போய்க் கதவைத் தட்டினார்கள். நம்பினால் சொல்ல வேண்டுமா, மடமடவென்று ஏறினார்கள். இடது பக்கத்தை நிஜமாகவே விட்டிருந்தார்கள்.

ஹலோ அக்கா அழைத்தாள். "ஏய், உன் அதிகாரி உன் வீடியோவை நகராட்சிப் பக்கத்துல போட்டுட்டாரு. மேல ஒரு வார்த்தை எழுதல. போட்டுட்டு வாளித் தண்ணியைக் கொட்டப் போயிட்டாரு, அவரே! நீ உன் நாத்தனாரைப் பாரு."

மைக்கையா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கிழவர் அவரருகில் நின்று, "உன்னை அப்புறம் வெச்சுக்கறேன்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். மைக்கையா கும்பிட்டார்.

கட்டில் வரவில்லை.

பக்கத்து வீட்டு டிரைவர் ஏறி வந்தார். பின்னால் மூன்று பேர். நான்கு பேரின் கையிலும் கயிறு இருந்தது, கட்டில் இல்லை.

"என் பொண்ணு எங்க?" என்றார் மைக்கையா.

டிரைவர் மூச்சு வாங்கினார். அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்துக்கொண்டார். "உங்க வீடியோ வந்ததும் நாங்க நாலு பேர் ஓடினோம்யா. வீடு பூட்டியிருக்கு. வெளியில பூட்டு."

"பூட்டா?"

"பழக்காரரோட தள்ளுவண்டியை வாங்கிட்டுப் போயிருக்காங்க. கிழவியம்மாவை அதுல படுக்க வெச்சுத் தனியாத் தள்ளிட்டுப் போனதை எதிர் வீட்டம்மா பார்த்திருக்காங்க. யாரும் வரலைன்னுட்டு..." கையிலிருந்த கயிற்றைச் சுருட்டினார். "நான்தான் அவங்களைக் கிண்டல் பண்ணேன் அண்ணி. காலையில நான்தான்..."

தள்ளுவண்டி படி ஏறாது. மருமகளுக்கு அது புரிந்த அதே நொடியில் மைக்கையாவுக்கும் புரிந்தது. வண்டி போவதற்கு அந்தத் தெருவில் ஒரே ஒரு வழிதான் உண்டு.

ஏரிக்கரை வழி.

அவள் பொறியாளரை அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை விரல் வைக்கும்போது, மேற்கே ஏரிப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. இடி என்று நினைத்துச் சிலர் வானத்தைப் பார்த்தார்கள். இடி அவ்வளவு நேரம் நீளாது.

"ஏறுங்க! ஏறுங்க!" என்று கத்தினார் மைக்கையா. மைக் இல்லாத தொண்டை கிழிந்தது. கடைசியாக ஏறிக்கொண்டிருந்தவர்களை நான்கு பேரும் கயிற்றை வீசி இழுத்தார்கள். தண்ணீர் தெருவுக்குள் வந்தது. ஓடி வரவில்லை, ஒரு சுவர் நகர்ந்து வருவதுபோல வந்தது. தையல் கடையின் பலகை, ஒரு நாற்காலி, யாருடையதோ மெத்தை எல்லாம் சுற்றிச் சுற்றி மிதந்தன. படியின் கீழ்ப் பாதி காணாமல் போயிற்று.

மேலே நின்றவர்கள் தங்கள் வீட்டு ஆட்களை எண்ணினார்கள். அத்தனை பேரும் உயிரோடு இருந்தார்கள். இரண்டு பேரைத் தவிர, அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள்.

அப்போதுதான் மைக்கையாவின் சட்டைப் பையில் ஏதோ அதிர்ந்தது.

போன் உயிர் பெற்றிருந்தது. ஈரக் கையால் எடுத்தார். திரையில் மழைத்துளி விழுந்து விழுந்து எழுத்து கலைந்தது. மருமகள் தன் உள்ளங்கையைக் கூரையாகப் பிடித்தாள். மேட்டிலிருந்த டவரும் சாகப்போகிற கதியில்தான் இருந்தது. ஒரு வாரத்து மெசேஜ்கள் ஒவ்வொன்றாகத் தத்தித் தத்தி இறங்கின. திட்டுகள், கேலிகள், யாரோ அனுப்பிய பூப் படங்கள்.

அவற்றின் முடிவில் மகளின் பெயருக்கு நேரே இரண்டு வாய்ஸ் மெசேஜ். இன்றைய தேதி.

முதலாவது முழுதாக இறங்கிவிட்டது. அழுத்தினார்.

"அப்பா." அவள் குரல்தான். ஊசிமுனை எங்கும் இல்லை. "அண்ணி நிஜம்னு சொல்றாங்க. இங்க ஒருத்தரும் நம்பலப்பா. அண்ணிகிட்ட உங்களைப் பேச விடாதீங்கன்னு சொல்லிட்டேன். கோவத்துல சொல்லிட்டேன். நீங்க பேசுங்கப்பா. உங்க குரலுக்குத்தான் வருவாங்க. நானும்... நீங்க கிளம்புன்னு சொன்னா எனக்கும் தைரியமா இருக்கும். போனை எடுங்கப்பா. எத்தனை தடவை அடிக்கறேன்?"

காலையிலேயே வந்தது. அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பீரோவின் இருட்டுக்கு வெளியே எங்கோ காத்துக் கிடந்திருக்கிறது.

மைக்கையா போனை மருமகளிடம் நீட்டினார்.  "அடுத்தது, அடுத்தது" என்று அவர் உதடு மட்டும் அசைந்தது.

இரண்டாவது, பள்ளத் தெரு டவர் போவதற்குச் சற்று முன் அனுப்பியது. எந்த வழியாகப் போகிறாள், எங்கே திரும்பினாள், எந்தக் கூரைக்கு அடியில் ஒதுங்கினாள், ஒதுங்கினாளா, எல்லாம் அதற்குள்தான் இருக்க வேண்டும். முந்தினதைவிட நீளமானது. மருமகள் அழுத்தினாள்.

சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

அவள் போனை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்தாள். டிரைவர் அவளைத் தாண்டி, சுவரின் மேல் ஏறி நின்று கையை நீட்டினார். "இங்க கொடுங்க அண்ணி, இங்க ரெண்டு புள்ளி கிடைக்குது." கொடுத்தாள். கூட்டம் அந்தக் கையையே அண்ணாந்து பார்த்தது. காலையில் சிரித்தவர்கள் எல்லோரும் இப்போது மூச்சுவிடாமல் நின்றார்கள்.

கீழே தண்ணீர் இன்னொரு படியை விழுங்கியது.

வட்டம் பாதி வரை வந்தது. நின்றது. மறுபடி முதலிலிருந்து சுற்றத் தொடங்கியது.